எம்.ஓ.டி.யில் தோற்காத பைக் எது?

9 மார்ச் 2025. ஒரு வாசகரின் கேள்வி

"லெஸ்டரில் இருக்கிறேன். முழு லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. நாலைந்து வருஷம் ஓடிய பைக் ஒன்று வாங்கப் போகிறேன். ஹோண்டா எடு, எம்.ஓ.டி.யில் தோற்கவே தோற்காது, ராயல் என்ஃபீல்ட் பக்கம் போகாதே என்கிறார் கூட வேலை செய்பவர். எம்.ஓ.டி. முடிவுகள் எல்லாம் பொதுவில் கிடக்கிறதாமே அண்ணா, அதை வைத்து எந்தக் கம்பெனி வண்டி உறுதியானது என்று கண்டுபிடித்துவிடலாம்தானே?"

9 மார்ச், இரவு

கண்டுபிடிக்கலாம். ஆனால் அகப்படுவது கம்பெனியின் குணமாக இருக்காது, வண்டியை வைத்திருந்தவரின் குணமாக இருக்கும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு பத்தி. இங்கிலாந்தில் பைக் மூன்று வயதைத் தொட்டதும் எம்.ஓ.டி. என்ற சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், அதன் பிறகு வருஷா வருஷம். நம் ஊரில் சொந்தப் பைக்குக்கு 15 வருஷம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் எஃப்.சி. பேச்சே வரும். இங்கே அதற்குள் பன்னிரண்டு தடவை யாராவது ஒருவர் உங்கள் முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்திருப்பார். அரசு அலுவலகத்தில் அல்ல, அனுமதி பெற்ற தனியார் ஒர்க்ஷாப்பில். கட்டணம் அதிகபட்சம் 29.65 பவுண்டு, சைடுகார் இருந்தால் 37.80. பல கடைகளில் அதைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள்.

10 மார்ச்

நேற்று தூக்கம் வந்துவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

சோதனையில் எதைப் பார்க்கிறார்கள்? விளக்குகள், இன்டிகேட்டர், ஹாரன், பிரேக், டயர், ரிம், ஸ்போக், வீல் பேரிங், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்), ஃபோர்க், ஷாக் அப்சார்பர், செயின், ஸ்பிராக்கெட், ஃபிரேம், சைலன்சர், நம்பர் பிளேட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர்.

எதைப் பார்ப்பதில்லை? இன்ஜின் எப்படி ஓடுகிறது என்பதை. கியர்பாக்ஸை. கிளட்சை. பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்பதை. இன்ஜினுக்குள் இருக்கிற கேம் செயின் கடகடவென்று சத்தம் போட்டாலும் சோதிப்பவர் முகம் சுளிக்கலாம், ஃபெயில் போட முடியாது. பைக்கை மோட்டார்வே ஓரத்தில் நிறுத்தி உங்களை மழையில் நனைய விடுகிற சமாசாரங்கள், அதாவது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஸ்டேட்டர் எரிவது, ரெக்டிஃபையர் போவது, ஃபியூவல் பம்ப் நிற்பது, இவற்றில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. "உறுதியான வண்டி" என்று நாம் சொல்லும்போது இவற்றைத்தான் நினைக்கிறோம். எம்.ஓ.டி. நினைப்பது வேறு: இந்த வண்டி இன்றைக்கு யாரையாவது கொன்றுவிடுமா?

அது நியாயமான கேள்விதான். உங்கள் கேள்வி அது இல்லை.

10 மார்ச், கொஞ்சம் கழித்து

"புகை டெஸ்டை விட்டுவிட்டீர்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விடவில்லை. இங்கே காருக்குப் புகை அளப்பார்கள், பைக்குக்கு அளப்பதில்லை. சைலன்சரைப் பார்ப்பார்கள், சத்தத்தைக் காதால் கேட்பார்கள், அவ்வளவுதான். அதே ரக வண்டியில் சுமாரான நிலையில் உள்ள கம்பெனி சைலன்சர் போடுகிற சத்தத்தைவிட அநியாயமாக அதிகமா என்பது சோதிப்பவரின் தீர்ப்பு. "சாலைக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்திய ரேஸ் சைலன்சர் மாட்டியிருந்தால் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, ஃபெயில். அந்த முத்திரை மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருபவர்களைச் சோதிப்பவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

16 மார்ச்

ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முடிவுகளை வெளியிடுவது டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு நிறுவனம் (ஓசூர் டிவிஎஸ் இல்லை, போன வாரம் ஒருவர் நிஜமாகவே கேட்டார்). 2005-லிருந்து நடந்த ஒவ்வொரு சோதனையும் ஒரு வரி. தேதி, வகுப்பு, முடிவு, ஓடிய மைல், கம்பெனி, மாடல், நிறம், சிசி, முதலில் சாலைக்கு வந்த தேதி, ஒர்க்ஷாப் இருக்கும் அஞ்சல் பகுதி. வண்டி எண் இருக்காது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பைக்குகள் 1, 2 என்ற வகுப்புகளில் வரும், 200 சிசி வரை ஒன்று, அதற்கு மேலும் போவது இரண்டு. எக்செல்லில் திறக்க நினைக்காதீர்கள், லேப்டாப் படுத்துவிடும். காரும் வேனும் சேர்ந்து ஒரே வருஷத்தில் கோடிக்கணக்கான வரிகள்.

பைக் வரிகளை மட்டும் பிரித்து எடுத்தாலும் தலைவலி தீராது. ஒரே மாடலை இடைவெளி விட்டு, விடாமல், எழுத்துகளை முன்னும் பின்னும் போட்டு ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள். சிலவற்றில் மாடல் இருக்க வேண்டிய இடத்தில் வகைப்படுத்தப்படாதது என்று மட்டும் இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் "எந்த மாடல் நம்பர் ஒன்" என்று அட்டவணை போடுபவர்களை நம்ப வேண்டாம்.

முதலில் கண்ணில் படுவது, பைக்குகள் கார்களைவிட மிகக் குறைவாகத் தோற்கின்றன. கிட்டத்தட்டப் பாதிதான். பைக் காரைவிட உறுதியானது என்று இதிலிருந்து முடிவு கட்டுவீர்களா? இங்கே பெரும்பாலோர்க்குப் பைக் என்பது வெயில் வந்தால் வெளியே எடுக்கிற சாமான். குளிர்காலம் முழுக்கப் போர்வை போர்த்தி கராஜில் வைப்பார்கள், வருஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் மைல் ஓட்டினால் பெரிது. காரில் ஒரு பல்பு போனால் தெரிவதில்லை. பைக்கை வாரம் தவறாமல் துடைக்கிறவனுக்கு எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று தெரியும்.

அதே தர்க்கத்தைப் பைக்குக்குள் கொண்டுபோங்கள். அட்டவணையில் அடியில் கிடப்பவை 125 சிசி வண்டிகள். அவற்றில் நிறைய ஹோண்டாவும் யமஹாவும், இன்ஜின் விஷயத்தில் உலகமே கையெடுத்துக் கும்பிடுகிற கம்பெனிகள். எல்-போர்டு மாட்டிய மாணவர்கள், பீட்சா கொண்டுபோகிற பையன்கள், ராத்திரி பகலாக மழையிலும், குளிர்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பிலும் ஓட்டி, தெருவோரத்தில் நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் காட்டாமல் எம்.ஓ.டி.க்குக் கொண்டுவருகிறார்கள். அதே ஹோண்டா செய்த கோல்ட்விங் என்ற பெரிய பயண வண்டியை ஓய்வுபெற்ற ஒருவர் வைத்திருப்பார், அது தோற்பது அபூர்வம். கம்பெனி ஒன்றுதான்.

17 மார்ச்

"அப்படியானால் ஒரே சிசி, ஒரே வயது, ஒரே மைல் என்று ஒப்பிட்டால் போச்சு" என்று புள்ளியியல் படித்த ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல யோசனை, அதைத்தான் செய்ய வேண்டும். செய்தாலும் மூன்று ஓட்டை அடைபடாது.

முதலாவது, பி.ஆர்.எஸ். என்று ஒரு முடிவு இருக்கிறது. சோதனையில் குறை தெரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே சரி செய்துவிட்டால் அப்படிப் பதிவாகும். பல்பு போனது, நம்பர் பிளேட் ஆடியது, இதெல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கும். இதைத் தோல்வியில் சேர்ப்பதா வெற்றியில் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து சதவீதம் மாறும். அட்டவணை போட்டவர் எதில் சேர்த்தார் என்று சொல்லவில்லை என்றால் அந்த அட்டவணையை மூடிவிடுங்கள்.

இரண்டாவது, வண்டியை வாங்கிய ஷோரூமிலேயே சர்வீஸும் எம்.ஓ.டி.யும் ஒன்றாகப் போடுபவர்கள். அங்கே சர்வீஸ் முடிந்த பிறகுதான் சோதனை. தோற்க வேண்டியதெல்லாம் முந்தைய மணி நேரத்திலேயே மாற்றப்பட்டிருக்கும், தரவில் தடமே இருக்காது. விலை உயர்ந்த ஜெர்மன், இத்தாலிய வண்டிக்காரர்கள் இப்படிச் செய்வது அதிகம். அவை தேர்ச்சியில் பளபளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, 40 வயது தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே 20 முதல் எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை. ஆகவே கிழட்டு வண்டிகள் கணக்கிலேயே வராது. பிரியப்பட்டுக் கொண்டுவருகிற சிலர் வருவார்கள், அவர்கள் வண்டியைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவர்கள்.

2020-ஐயும் தனியே ஒதுக்குங்கள். கொரோனா நேரத்தில் மார்ச் 30-லிருந்து ஆறு மாத நீட்டிப்பு கொடுத்தார்கள், ஆகஸ்ட் 1 முதல் மறுபடி கட்டாயமாக்கினார்கள். ஏப்ரலில் வர வேண்டியவை அக்டோபருக்குத் தள்ளிப்போயின. அந்த வருஷத்து வரிகளை மற்றதோடு கலந்தால் பருவக் கணக்கே குழம்பிவிடும்.

23 மார்ச்

என்ஃபீல்ட் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று ஞாபகப்படுத்துகிறார்கள்.

என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 இங்கே விற்பனைக்கு வந்து, முதல் வண்டிகள் மூன்று வயதாகி எம்.ஓ.டி.க்கு நின்றது 2022 வாக்கில். அதற்கு முன் தரவில் இருக்கிற என்ஃபீல்ட் என்றால் பெரும்பாலும் பழைய புல்லட் வகை வண்டிகள். இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் பிறந்து, 1955-லிருந்து சென்னையில் வளர்ந்து, இங்கே திரும்பி வந்த சாதி. அதை வைத்திருப்பவர்கள் தனி ரகம், ஸ்பானர் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே கம்பெனிப் பெயரில் கூட்டி ஒரு சதவீதம் சொன்னால் அந்த எண் எந்த வண்டியையும் குறிக்காது. உங்கள் நண்பர் மனதில் இருப்பது பழைய புல்லட். நீங்கள் பார்ப்பது வேறு வண்டி.

"இந்தியாவில் செய்த பைக்" என்று இழுக்கிறவர்களுக்கு ஒன்று. பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர் ஓசூரில் டிவிஎஸ் ஆலையில் செய்தது. கே.டி.எம். சின்ன டியூக்குகள் புனே பக்கம் சாக்கனில், பஜாஜ் ஆலையில். எம்.ஓ.டி. தரவில் ஒன்று பி.எம்.டபிள்யூ., இன்னொன்று கே.டி.எம்., அவ்வளவுதான். ஹிங்க்லி (டிரையம்ப் கம்பெனியின் இங்கிலாந்து ஊர்) டிரையம்ப் என்று பெருமையாகச் சொல்பவரின் வண்டி தாய்லாந்தில் பூட்டப்பட்டதாக இருக்கலாம். எந்த ஊரில் செய்தது என்று ஒரு பத்தியே அந்தத் தரவில் கிடையாது.

6 ஏப்ரல்

வண்டி எதில் தோற்கிறது என்ற பக்கத்துக்குப் போகலாம், எனக்குப் பிடித்த பகுதி.

முதலிடம் விளக்கும் சிக்னலும். பல வருஷமாக அப்படித்தான். அதிலும் பிரேக் லைட் ஒரு தந்திரக்காரன். 1986 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் முன் பிரேக் பிடித்தாலும் எரிய வேண்டும், பின் பிரேக் மிதித்தாலும் எரிய வேண்டும். முன் லிவருக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச், மழைத் தண்ணீர் நேராக அதில்தான் இறங்கும். ஓட்டுபவர் கண்ணில் படாத விளக்கு அது. என் வண்டி ஒருமுறை தோற்றது அதற்குத்தான், அதுவும் வீட்டில் மிதித்துப் பார்த்துவிட்டுப் போன அன்று. மிதித்துப் பார்த்தது பின் பிரேக். முன்னது ஒர்க்ஷாப்புக்குப் போகிற வழியிலேயே செத்துப்போயிருக்கலாம், யாருக்குத் தெரியும். அப்போதிலிருந்து ராத்திரி கடைக் கண்ணாடி முன்னால் பின்பக்கம் காட்டி நிறுத்தி இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கடைக்காரர் ஒருவர் வெளியே வந்து "என்ன வேண்டும்" என்று கேட்டார்.

ஹெட்லைட் குறி. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த பைக்குகளில் டிம் வெளிச்சம் வலப்பக்கம் ஏறும், இங்கே இடப்பக்கம் ஏற வேண்டும். கண்ணாடியையோ முழு விளக்கையோ மாற்றாமல் தேறாது. இன்னொன்று, பின்னால் ஆளும் பெட்டியும் ஏற்றிப் பயணம் போய்விட்டு வந்து, ஷாக்கில் இறுக்கியதைத் தளர்த்தாமல் சோதனைக்குப் போனால் மூக்கு தாழ்ந்து வெளிச்சம் தரையைப் பார்க்கும். வண்டியில் கோளாறே இல்லை, ஃபெயில் மட்டும் உண்டு.

டயர். 50 சிசிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் ஆழம், அகலத்தில் முக்கால் பாகம் முழுக்க. மீதிக் காலில் கோடு கண்ணுக்குத் தெரிந்தால் போதும். காருக்கு 1.6, பைக்குக்கு 1. சறுக்கினால் விழுகிற வண்டிக்குச் சலுகை. இந்த விதியை எழுதியவர் பைக் ஓட்டியிருப்பாரா?

பிரேக். ஒரு பிரேக் 30 சதவீதம், மற்றது 25 சதவீதம் திறன் காட்ட வேண்டும். நல்ல நிலையில் உள்ள எந்த வண்டியும் இதைத் தாண்டும். இதிலும் தோற்கிறது என்றால் பிரேக் பேடை அழுத்துகிற கேலிப்பர் பிஸ்டன் உப்பில் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

8 ஏப்ரல்

மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். கம்பெனி மேல் குற்றமே இல்லை என்பது போல ஒரு தொனி வந்துவிட்டது. அது முழுக்கச் சரியில்லை.

கோன் செட்டை எடுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புவார்கள். நடுவில் "டக்" என்று பிடித்தால் குறிப்பு எழுதுவார்கள், மோசமாக இருந்தால் ஃபெயில். ஆலையில் கிரீஸைக் கிள்ளிப் போட்டார்களா அள்ளிப் போட்டார்களா என்பது இங்கே ஐந்தாம் வருஷம் தெரிந்துவிடும். பின் சஸ்பென்ஷன் இணைப்புகளும் அப்படித்தான். ஃபோர்க் குழாயின் குரோம் பூச்சு மெலிதென்றால் சின்னச் சின்னத் துருப் புள்ளி விழும், அது ஆயில் சீலைக் கிழிக்கும், ஆயில் ஒழுகும், ஃபெயில். அக்டோபரிலிருந்து மார்ச் வரை சாலையில் உப்பு தூவுகிற நாட்டில் இதெல்லாம் வண்டியின் ஜாதகம்.

ஆக, தரவில் தேர்ச்சி சதவீதத்தை விட்டுவிட்டு, தோல்விக்கான காரணங்களை மட்டும் எடுத்து, பல்பும் டயரும் பிரேக் பேடும் நீக்கி, பேரிங், சீல், துரு இவற்றை மட்டும் ஒரே வயது வண்டிகளுக்கிடையே ஒப்பிட்டால் தயாரிப்புத் தரம் பற்றி ஏதோ சொல்லலாம். தேய்கிற பொருளுக்கும் தேயக்கூடாத பொருளுக்கும் நடுவே கோடு போட வேண்டும். அந்த வேலையை யாரும் செய்வதாகத் தெரியவில்லை, பத்திரிகைகளுக்கு "டாப் 10" போதும்.

9 ஏப்ரல்

உப்பு பற்றி மூன்று பேர் சண்டை போடுகிறார்கள். குளிர்காலத்தில் ஓட்டினால் வெந்நீரில் கழுவக் கூடாது, பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். இதற்கு மேல் நான் வரமாட்டேன்.

27 ஏப்ரல்

கேட்டவர் இரண்டு வண்டிகளின் எண்களைத் தனியாக அனுப்பியிருந்தார். அரசுத் தளத்தில் எண்ணைப் போட்டால் அந்த வண்டியின் எம்.ஓ.டி. வரலாறு முழுவதும் இலவசமாக வரும், மைல் கணக்கோடு. கம்பெனி அட்டவணையெல்லாம் தேவையே இல்லை, இது போதும் என்பேன்.

முதல் வண்டி, ஜப்பான் கம்பெனி, எல்லா வருஷமும் பாஸ். வாசிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் சோதனையில் "கோன் செட் லேசாகப் பிடிக்கிறது" என்று ஒரு அறிவுரைக் குறிப்பு. அடுத்த வருஷமும் அதே வாக்கியம். "பின் டயர் வரம்பை நெருங்குகிறது" என்பதும் இரண்டு முறை, இடையில் ஓடியது சில நூறு மைல்தான். பாஸ் ஆகிவிட்டதே என்று குறிப்புகளைத் திரும்பிப் பார்க்காத உரிமையாளர்.

இரண்டாவது, என்ஃபீல்ட். முதல் சோதனையிலேயே ஃபெயில், காரணம் நம்பர் பிளேட் எழுத்து இடைவெளி. யாரோ ஸ்டைலுக்குச் சின்ன பிளேட் மாட்டியிருக்கிறார். அன்றைக்கே மறு சோதனையில் பாஸ். அடுத்த வருஷம் முன் பிரேக் பேட் தேய்வு என்று குறிப்பு, அதற்கடுத்த வருஷம் அந்தக் குறிப்பு இல்லை. மாற்றியிருக்கிறார். மைலும் சீராக ஏறுகிறது.

தேர்ச்சி சதவீதப்படி முதலாவது நூறு மார்க், இரண்டாவது தோற்ற வண்டி. நான் இரண்டாவதைத்தான் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

28 ஏப்ரல்

"டயர் நன்றாக இருந்தால் பாஸ், அப்புறம் என்ன கவலை" என்பவருக்கு: டயரின் வயதை எம்.ஓ.டி. பார்ப்பதில்லை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1213 என்றிருந்தால் 2013-ன் 12-ஆம் வாரம். ஓட்டாமல் கராஜில் நின்ற வண்டியில் கோடெல்லாம் புதுசு போல இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும். பாஸ்.

18 மே

வாங்கிவிட்டாராம். என்ஃபீல்ட் இல்லை, முதல் வண்டியும் இல்லை, மூன்றாவதாக ஒரு சுசூகி. இவ்வளவு எழுதியதற்குப் பலன்! வரலாற்றைப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. நிறம் பிடித்ததாம்.

2 ஜூன்

அவருடைய கடைசிக் கேள்வி. வண்டிக்கு எம்.ஓ.டி. இம்மாதம் முடிகிறது, முன்கூட்டியே போனால் நாள் வீணாகுமா? ஆகாது. காலாவதிக்கு ஒரு மாதம் முன்பு வரை (ஒரு நாள் குறைவாக) போனாலும் அடுத்த வருஷம் பழைய தேதியே நிற்கும். தோற்றால், வண்டியை அங்கேயே ரிப்பேருக்கு விட்டுப் பத்து வேலை நாட்களுக்குள் மறு சோதனை என்றால் கட்டணம் இல்லை. வெளியே எடுத்துப்போய்ச் சரி செய்து அதே பத்து நாளுக்குள் கொண்டுவந்தால் பாதிக் கட்டணம் வரை கேட்கலாம். பழைய எம்.ஓ.டி. முடிந்தே போயிருந்தாலும், முன்பதிவு செய்த சோதனைக்கு வண்டியை ஓட்டிப்போகலாம், இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். வழியில் டீ குடிக்க நிறுத்தாதீர்கள், போலீஸ் கேட்டால் நேராக ஒர்க்ஷாப்புக்குத்தான் போகிறேன் என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.